விரல் ஒரு வரியில், குரல் ஒரு வரியில்

2022 பிப்ரவரியில் ஒரு மாலை. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் கலையரங்க மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் தமிழ்ப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, ஆட்காட்டி விரலை எழுத்துகளின் அடியில் நகர்த்திக்கொண்டே ஒரு பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான். குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் செய்தான். பக்கத்தில் இருந்த சிறுமிக்குப் பென்சில் சீவிக் கொடுத்தபடியே நான் அவன் தோளுக்கு மேலாகப் புத்தகத்தைப் பார்த்தேன். விரல் நான்காவது வரியில் இருந்தது. குரல் ஆறாவது வரியைத் தாண்டிவிட்டிருந்தது. பாடம் முடிந்தபோது விரல் பக்கத்தின் நடுவில் ஏதோ ஒரு சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அவனை இங்கே முத்து என்று அழைக்கிறேன். அது அவன் பெயரன்று. பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டேன். அவன் சொல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அடுத்த சொல்லைக் காட்டினேன். அதற்கும் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில், “தப்பில்லாமத்தானக்கா சொன்னேன்?” என்றான். அவனுடைய அக்கா ஐந்தாம் வகுப்பு. தம்பியின் புத்தகத்தை அவள் இரவில் சத்தமாக வாசித்துக் காட்டுவாள்; அதைக் கேட்டுக் கேட்டே முழுப் பாடமும் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அவன் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, விரலை நகர்த்திக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான் வாசிப்பு என்று உண்மையாகவே நம்பியிருந்தான். வாசிப்பவர்களை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அதற்கு மேல் என்னதான் தெரியும்? அந்தக் கேள்வி அன்று என்னைத் தொற்றியது, இன்னும் விடவில்லை.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள். தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள், அவ்வளவுதான். முத்து 2019 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவன். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, அவன் வயதுப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. ஆகவே ஊரில் எல்லாரும் கொரோனாவைச் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான், பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் பிரதம் தொண்டு நிறுவனத்தின் அசர் ஆய்வறிக்கையின் எண்கள் கண்ணில் பட்டன. கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018இல் நூற்றுக்கு 27.3 பேர், 2022இல் 20.5 பேர். தமிழ்நாட்டில் அது 10.2இலிருந்து 4.8ஆகக் குறைந்தது. பெருந்தொற்று பாதியைப் பறித்துக்கொண்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, பள்ளி ஒழுங்காக நடந்த காலத்திலேயே, பத்தில் ஒன்பது பிள்ளைகளால் அந்தப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. அந்த ஒன்பது பேருக்குக் கொரோனாவைக் காரணம் சொல்ல முடியாது. சோம்பல், கவனமின்மை, பெற்றோரின் அக்கறைக் குறைவு என்று நாம் வழக்கமாக அடுக்கும் காரணங்களும் எனக்கு வரவரப் போதாதவையாகத் தோன்றின. ஆட்டுக்குட்டிகளில் எது எந்தத் தாயின் குட்டி என்று முப்பது குட்டிகளுக்குப் பிழையில்லாமல் சொல்லும் சிறுவனை எப்படிக் கவனமில்லாதவன் என்பது?

‘இம்’மும் கொம்பும்

எழுத்துகளை அவன் எட்டு வாரங்களில் கற்றுக்கொண்டான். எழுத்தட்டையைக் காட்டினால் சொன்னான், சொன்னால் எழுதினான். இனி வாசிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பி, கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதிக் கூட்டச் சொன்னேன். “ப... இட்... ட... இம்” என்றான். ஒவ்வொன்றும் சரி. “சேர்த்துச் சொல்லு” என்றேன். “பயிட்டயிம்” என்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையே இன்னும் வேகமாகச் சொன்னான். பட்டம் விடுகிற பையன்தான். ஆனால் தன் வாயிலிருந்து வந்த அந்த ஒலிக்கும் பட்டத்துக்கும் உள்ள உறவு அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க நாவுக்கு ஒரு துணை வேண்டும் என்பதற்காக நாம் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த இகரம் எழுத்தின் பெயரில் இருக்கிறதே தவிர எழுத்தின் ஒலியில் இல்லை என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. படிக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாளில் தாமாகவே அதைக் கழற்றி எறிந்திருக்கிறோம். எறிந்த நாள்தான் நினைவில் இல்லை. மறுநாளிலிருந்து ‘ம்’ என்பதை உதடு மூடிய முனகலாகவும், ‘ட்’ என்பதை நாக்கை மடித்து அப்படியே நிறுத்துவதாகவும் சொல்லிப் பழக்கினேன். ‘பட்’ என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ‘டம்’ என்று முடிக்க அவனுக்கு நான்கு நாள் ஆனது.

அடுத்தது கொடி. அவன் அதைக் ‘காடி’ என்று வாசித்தான். கவனக்குறைவு என்று நினைத்துத் திருத்தினேன். மறுபடியும் ‘காடி’. “கொம்பைப் பார்க்கலையா?” என்றபோது, “பார்த்தேன். கொம்பு முன்னாடி நிக்குது. அதை எப்பக்கா படிக்கிறது?” என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, முதலில் நிற்பதை முதலில் படி என்றுதான் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் இன்னும் சிக்கல்: ஒரே உயிரொலியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்கின்றன. கொம்பை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி இருப்பது ‘கா’வேதான். அவன் தவறு செய்யவில்லை; நான் கொடுத்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். ‘கௌதாரி’ வந்தபோது ‘கெளதாரி’ என்று வாசித்தான். அங்கேயும் குற்றம் அவனுடையதன்று. ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் அச்சில் வேறுபாடே இல்லை. ஊரில் கவுதாரியைப் பார்க்காத பையன் கிடையாது. புத்தகத்தில் வந்த கெளதாரியை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்து முப்பத்தொன்றுதான், மற்ற 216ம் அவற்றின் சேர்க்கை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உகர வரிசையை ஒரு முறை புதிய கண்ணால் பார்த்தால் இது எவ்வளவு பாதி உண்மை என்பது புரியும். பு, சு ஆகியவற்றில் ஒரு கோடு கீழே இறங்குகிறது. து, நு ஆகியவற்றில் வலப்பக்கம் ஒரு வளைவு எழுகிறது. கு, டு, மு, ரு வேறு வேறு விதம். கு தெரிந்தவனுக்கு அதை வைத்துத் து எப்படி இருக்கும் என்று ஊகிக்க வழியில்லை. பெரியார் 1935இல் குடிஅரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டதால்தான் ணா, றா, னா, லை, னை போன்றவை மற்ற எழுத்துகளோடு ஒழுங்குக்கு வந்தன. உகர ஊகார வரிசைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வலியுறுத்தினார். அந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இத்தனை கோடிப் பக்கங்கள் அச்சாகிவிட்ட பிறகு வடிவத்தை மாற்றுவதைவிட, பிள்ளைக்குக் கூடுதல் காலம் கொடுப்பதே மேல் என்று நினைக்கிறேன். கன்னடம் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் எழுதிய கட்டுரை, எழுத்துத் தொகுதியைக் கற்று முடிப்பது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டியது. நம் எழுத்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாமோ முதல் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பித்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ‘தம்பி’யில் வரும் பகரமும் ‘பல்’லில் வரும் பகரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. பக்கம், தங்கம், காகம் என்று ககரமும் இடத்துக்கு இடம் மாறும். தமிழ் பேசும் எவருக்கும் இந்த மாற்றம் தானாக வந்துவிடும் என்பதால் நாம் இதைச் சிக்கலாகவே கருதுவதில்லை. ஆனால் தானாக வருவது முழுச் சொல்லைச் சொல்லும்போதுதான். த, ம், பி என்று தனித்தனியாக வல்லொலியோடு உடைத்துச் சொல்லிவிட்டு ஒட்டுகிறவனுக்குத் தன் சொந்தத் தம்பியே அடையாளம் தெரியாமல் போகிறான். சொல் எது என்று தெரிந்தால்தான் எழுத்தின் ஒலி சரியாக வரும். எழுத்தின் ஒலி சரியாக வந்தால்தான் சொல் எது என்று தெரியும். இந்த வட்டத்துக்குள் ஏழு வயதில் தனியாக நுழைய வேண்டியிருக்கிறது.

பதினான்கு எழுத்து

ஏப்ரல் வாக்கில் முத்து இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைத் தட்டுத் தடுமாறி வாசிக்கத் தொடங்கியிருந்தான். மரம், படகு, கோழி, குருவி எல்லாம் வந்தன. ஆகவே ஒரு முழு வாக்கியத்துக்குப் போனேன்: ‘குழந்தைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.’ பெரியவர்களுக்கு இதைவிட எளிய வாக்கியம் எது? அந்தக் கடைசிச் சொல்லில் பதினான்கு எழுத்துகள் இருப்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அவன் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னான். வி, ளை, யா, டி... ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று விநாடி. ‘ர்கள்’ வந்து சேர்ந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. “முழுசா சொல்லு” என்றேன். “...தார்கள்” என்றான். முன்னால் இருந்தவை எல்லாம் போய்விட்டன. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கினான். இம்முறை ‘கொண்டி’யில் நின்றுபோனான். குடத்தின் அடியில் ஓட்டை இருக்கும்போது மெதுவாக ஊற்றினால் ஒருநாளும் நிரம்பாது. வேகமாக ஊற்றினால்தான் நிரம்பும். நம் எல்லாருடைய நினைவும் அப்படிப்பட்ட குடம்தான். புதிதாகக் கேட்ட ஒலிகளைச் சில விநாடிகளுக்கு மேல் அது வைத்திருக்காது. வேகம் வராத பிள்ளைக்குச் சொல் சேர்வதில்லை. சொல் சேராத பிள்ளைக்கு வாசிப்பில் விருப்பம் வருவதில்லை. விருப்பம் இல்லாமல் பழக்கம் எங்கிருந்து வரும், பழக்கம் இல்லாமல் வேகம் எங்கிருந்து வரும்?

அன்று நானே அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லிக் காட்டினேன். “பிள்ளைக வெளாண்டுக்கிட்டு இருந்துச்சுக, அதானடா?” என்று விளக்கமும் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. “அப்ப இதுல அப்படி இல்லையேக்கா” என்றான். அவனுடைய ‘வெளாண்டுக்கிட்டு’க்கும் புத்தகத்தின் ‘விளையாடிக்கொண்டு’க்கும் இடையில் ஒத்துப்போகும் எழுத்துகளை விரல் விட்டு எண்ணலாம். எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு பிள்ளை ஒரு சொல்லின் வாசல்வரை வந்து கதவைத் தட்டுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் முன்பின் தெரியாதவர். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய வாய்பாட்டைச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனும், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்பட்டு வருவதே வாசிப்பு. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதில்தான் அதன் கூர்மை இருக்கிறது. ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் விடை சுழியம். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் புரியாதா என்று நாம் இரண்டாவதைக் கேள்வி கேட்காமலே நிரப்பிவிடுகிறோம். புரியும், ஆனால் எந்தத் தமிழ்?

எனக்கு ஏன் இந்தத் தொல்லை வரவில்லை என்று அன்றிரவு யோசித்தேன். என் அப்பா காலையில் தினத்தந்தியை என் அப்பத்தாவுக்காகச் சத்தமாக வாசிப்பார். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, கண்ணும் மங்கல். விபத்துச் செய்தியிலிருந்து மாட்டுச் சந்தை விலை வரை எல்லாவற்றையும் அப்பா ‘தெரிவித்தார்’, ‘கூறினார்கள்’, ‘நடைபெற்றது’ என்று அச்சில் இருந்தபடியே வாசிப்பார். நான் திண்ணையில் விளையாடிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்குப் போகும் முன்பே அந்தத் தமிழ் என் காதுக்குள் இருந்திருக்கிறது. நான் கெட்டிக்காரி என்று பள்ளியில் சொன்னபோது நானும் நம்பினேன். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு ஒரு செய்தித்தாளுக்கும், பார்வை மங்கிய ஒரு கிழவிக்கும் சேர வேண்டியது.

மிச்ச எழுத்து

மறுநாள் புத்தகத்தை எடுக்கவில்லை. முத்துவிடம், “நீ ஏதாவது சொல்லு, நான் எழுதுறேன். அதை நீ படி” என்றேன். “என்ன சொல்ல?” என்றான். “என்னமும் சொல்லு.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “எங்க அப்பத்தா ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போயிருக்கு” என்றான். நான் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதி அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவன் விரலை வைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், அவன் சொன்னதுதானே. ஆகவே இந்த முறை வேர்வை இல்லை, அவசரமும் இல்லை. “எங்க” என்று சொன்னான், விரல் நின்றது. அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. கீழே குனிந்து பார்த்தான். பிறகு ‘அப்பத்தா’வை வாசித்தான், அது சரியாகப் பொருந்தியது. ‘ஆட்டுக்கு’ பொருந்தியது. கடைசிச் சொல்லுக்கு வந்தான். “போ... யி... ரு... க்...” அங்கே விரல் மறுபடியும் நின்றது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் நிற்கிறான் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இங்க ‘கு’ வரணும்க்கா. நீங்க ‘கி’ போட்டிருக்கீங்க. அப்புறம் ரெண்டு எழுத்து மிச்சம் இருக்கு” என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘எங்கள் அப்பத்தா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறார்.’ அவன் சொன்னதை நான் எழுதவில்லை. கை தன் பழக்கத்தில் திருத்தி எழுதியிருக்கிறது. அவன் ‘எங்க’வில் நின்றது, அதற்குப் பிறகும் ஒரு ‘ள்’ இருந்ததால்.

இரண்டு மாதத்துக்கு முன்பு குரல் இரண்டு வரி தாண்டிப் போனபோது விரல் எங்கே இருக்கிறது என்ற கவலையே இல்லாதவன், இன்று குரல் முடிந்த பிறகும் விரலின் அடியில் எழுத்து மிஞ்சியிருக்கிறது என்று சொல்கிறான். ஒலிக்கும் எழுத்துக்கும் ஒன்றுக்கொன்று கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு இடிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவன் சொன்னபடியே கீழே எழுதினேன். வாசித்தான். விரலும் குரலும் ஒரே இடத்தில் முடிந்தன. திரும்ப வாசித்தான். பிறகு, “இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவா?” என்று கேட்டுத் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டான்.

அந்த நோட்டில் பிறகு நாற்பதுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் சேர்ந்தன. கண்மாயில் தண்ணி வந்தது, சித்தப்பா திருப்பூரிலிருந்து வந்தது, கோழி அடைகாப்பது, அக்காவோடு சண்டை. ஒவ்வொன்றையும் முதலில் அவன் சொன்னபடி எழுதுவேன். அவன் வாசித்த பிறகு அடியிலேயே புத்தகத் தமிழில் எழுதுவேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். பிள்ளைகள் அதற்கு ‘மிச்ச எழுத்து’ என்று பெயர் வைத்தார்கள். ‘எங்க’வுக்கு ‘எங்கள்’, ‘வந்தாங்க’வுக்கு ‘வந்தார்கள்’, ‘வீட்டுல’வுக்கு ‘வீட்டில்’ என்று சில வாரங்களில் அவர்களே முந்திக்கொண்டு சொன்னார்கள். இலக்கணம் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. கோடை விடுமுறை முடிந்தபோது முத்து, தான் அதுவரை கேட்டிராத ஒரு பக்கத்தை, மெதுவாக, நின்று நின்று, ஆனால் தானே வாசித்தான்.

ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஐயா என்றுதான் அழைப்போம். நோட்டை அவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “தாயி, கொச்சையை எழுத்துல ஏத்துனா அது அப்படியே தங்கிரும். எழுத்து, பேச்சைத் தூக்கி விடணும், பேச்சு எழுத்தைக் கீழ இழுக்கக் கூடாது” என்றார். அவர் இதை வறட்டுப் பிடிவாதத்தில் சொல்லவில்லை. ஈழத்துப் பிள்ளையும் சிங்கப்பூர்ப் பிள்ளையும் சிவகங்கைப் பிள்ளையும் ஒரே பக்கத்தை வாசிக்க முடிவது, எல்லாருக்கும் பொதுவான ஓர் எழுத்துத் தமிழ் இருப்பதால்தான். அவரவர் பேச்சை அவரவர் எழுதத் தொடங்கினால் அந்தப் பொதுவீடு இடிந்துவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தில் எனக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரையையும் அந்தத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வீட்டுக்குள் பிள்ளை நுழைய ஒரு படி வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன். படியில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி செய்தி எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்ததையும், அதனால் தேநீர்க் கடைகளில் எத்தனை பேர் வாசகர்களானார்கள் என்பதையும் ஐயாவுக்கு நினைவூட்டினேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. “ரெண்டாவது வரியை எழுதாம விட்டுராதே” என்று மட்டும் சொன்னார். விட்டதில்லை.

மணல்

இந்த வழி எல்லாருக்கும் போதும் என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். முதல் நாள் நான் பென்சில் சீவிக் கொடுத்த சிறுமி இருக்கிறாளே, அவள் அப்போது முதல் வகுப்பு. கதை சொன்னால் இரண்டு வாரம் கழித்தும் ஒரு பேரையும் மறக்காமல் திருப்பிச் சொல்வாள். அவளுடைய பேச்சுத் தமிழையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இன்று ‘மு’வைக் கற்றால் நாளை அது அவளுக்குப் புதிய எழுத்து. ‘மரத்தில் ம-வை எடுத்துட்டா மிச்சம் என்ன?’ என்று புத்தகமே இல்லாமல் வாயால் கேட்டபோது மற்றப் பிள்ளைகள் ‘ரம்’ என்றார்கள். அவள் “கிளை” என்றாள். சிரித்தவர்களை அதட்டி உட்காரவைத்தேன். சொல்லைக் கேட்டவுடன் பொருள் அவளுக்குப் பளிச்சென்று வருகிறது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனியாகப் பிரித்துக் கேட்கத்தான் முடியவில்லை. எழுத்து என்பதே அந்தப் பிரிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதால், அவளுக்கு அடித்தளமே வழுக்குகிறது.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கூரிய அறிவும் நல்ல கண்பார்வையும் உடைய பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனால் வாசிக்க மட்டும் முடியாமல் போவதைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். டிஸ்லெக்சியா என்று இன்று நாம் அழைப்பதைப் பற்றிய முதல் விவரிப்புகளுள் ஒன்று அது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் மக்கு என்ற பட்டத்தோடு பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அச்சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும், அவளை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோது, அவளுடைய அம்மா, “எம் பொண்ணு என்ன கிறுக்கா?” என்று கேட்டு அழுதார். பேசுவதற்கு மனித மூளை பிறவியிலேயே ஆயத்தமாக இருக்கிறது. வாசிப்பதற்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. முகங்களையும் பொருள்களையும் இனங்காண்பதற்கான இடத்திலிருந்து ஒரு சிறு துண்டைப் பயிற்சியால் எழுத்துக்கென்று மாற்றிக்கொள்கிறோம் என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன். சிலருக்கு அந்த மாற்றம் எளிதில் நடக்கிறது, சிலருக்குக் கடினமாக இருக்கிறது. அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை அந்த அம்மாவிடம் என் மொழியில் சொன்னேன். மூன்றாம் முறைதான் கேட்டுக்கொண்டார்.

சிறப்பாசிரியர் சொன்ன வழிகளில் ஒன்று, மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்வது. கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வந்தன. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் எழுதினார்கள். அதைச் சென்னையில் பார்த்துவிட்டு, எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் 1790களில் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் நூலாக எழுதி இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நாம் விட்டுவிட்டோம். விரல் நுனி, கண், வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் இருப்பதால், ஒன்று மறந்தாலும் மற்றது பிடித்துக்கொள்கிறது.

அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. கண்மாய் மணலைச் சலித்து ஒரு தாம்பாளத்தில் பரப்பி வைத்திருக்கிறோம். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்துதான். முந்தைய வாரத்து எழுத்தை ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்த பிறகுதான் புதியது. பட்டத்தில் முத்து மாட்டிக்கொண்ட ‘இட்’டை அவளுக்கு நான் சொல்லித் தரவே இல்லை, நாக்கை மடித்து நிறுத்தத்தான் சொன்னேன். போன வாரம், “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு” என்று சொல்லி நோட்டில் எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். ‘எங்க’ வந்தது. ‘ஆடு’ வந்தது. ‘ரெண்டு’வில் கொம்பு இடித்தது, நெடுநேரம் பார்த்துவிட்டு அதையும் தாண்டினாள். ‘குட்டி’யில் ‘கு’வை மணலில் ஒரு முறை எழுதிப் பார்த்து, பிறகு தாளில் விரல் வைத்து, “குட்” என்று நாக்கை மடித்து நிறுத்தினாள். விரல் அங்கேயே இருந்தது. குரலும் அங்கேயே இருந்தது. இருட்டிவிட்டதால் அவளுடைய அம்மா வந்து கூப்பிட்டார். “நாளைக்கு இங்கிருந்து” என்று சொல்லி, அந்த எழுத்தின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனாள்.